பேஸ்லிப்பில் இருந்த அந்த ஒரு வரி

போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் இளம் தம்பதி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வீடு வாங்க, விலையில அஞ்சு சதவீதம் கையில இருந்தா போதும், மிச்சத்துக்கு கவர்ன்மென்ட் கேரன்டி குடுத்துடுமாமே அண்ணா?" என்று கேட்டார் அந்தப் பையன். 2020-இல் இதே கேள்வியை நான் இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். "ஆமா, போதும்" என்று அவர் சொன்ன அந்த ஒற்றை வார்த்தையை நம்பித்தான் எங்கள் வாழ்க்கையிலேயே மோசமான மூன்று வாரங்களுக்குள் போய் விழுந்தோம். அன்றைக்கு அவர்களிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நான் மெல்போர்னின் தென்கிழக்கில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புவோம். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பகுதிநேரப் பராமரிப்பாளர். ஒரே பையன். நோபிள் பார்க்கில் வாரம் 360 டாலர் வாடகைக்கு ஒரு பழைய யூனிட்டில் இருந்தோம். 2019-இல் எங்கள் இருவருக்கும் குடியுரிமை கிடைத்தது. அடுத்த ஜனவரியில் முதல் வீடு வாங்குபவர்களுக்கான அரசின் டெபாசிட் திட்டம் தொடங்கியதும், எங்களுக்காகவே வந்தது போலத்தான் இருந்தது. அப்போது அதில் குடிமக்கள் மட்டும்தான் சேர முடியும். ஒரு நிதியாண்டுக்கு 10,000 இடங்கள், மெல்போர்னில் 6 லட்சம் டாலருக்குள் வீடு, தம்பதியின் வருமானம் 2 லட்சத்துக்குள். வழக்கமாக வீட்டு விலையில் 20 சதவீதம் கையில் இல்லாவிட்டால், வங்கியின் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும். அதற்கே பல ஆயிரம் போய்விடும். இந்தத் திட்டத்தில் 5 சதவீதம் நம்முடையது, 15 சதவீதம் வரை அரசு உத்தரவாதம், காப்பீட்டுக் கட்டணம் கிடையாது. எங்கள் கையில் 38,000 டாலர் சேமிப்பு இருந்தது. எட்டு வருடச் சேமிப்பு அது.

மார்ச்சில் கோவிட்டால் எல்லாம் நின்றது. ஓட்டல்கள் காலியானால் அழுக்குத் துணி எங்கிருந்து வரும்? இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களில் பாதியை அணைத்துவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அரசு ஜாப்கீப்பரை அறிவித்தது: வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்த நிறுவனங்களுக்கு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர். அதை நிறுவனம் நம் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணத்தால்தான் வாடகை கட்டினோம், பையனுக்குச் சாப்பாடு போட்டோம். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு, அதில் மாற்றமே இல்லை. ஆனால் அது வீட்டுக் கடனை என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரலில் இருந்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. இரண்டு வாரத்துக்கான என் பேஸ்லிப், அதாவது சம்பளச் சீட்டு, இப்படி இருந்தது: மேலே "சாதாரண நேரம், 32 மணி, 912 டாலர்". அதற்குக் கீழே தனி வரியாக "ஜாப்கீப்பர் டாப்-அப், 588 டாலர்". கூட்டினால் 1,500. சனிக்கிழமை ஓவர்டைம் சேர்த்து வருடம் 62,000 வரை சம்பாதித்தவன் நான். குறைந்தாலும் ஏதோ வருகிறதே என்றுதான் அந்தத் தாளைப் பார்த்தேன். அந்த இரண்டாவது வரிதான் எங்களைக் கவிழ்க்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஜூலையில் புதிய நிதியாண்டு. மறுபடி 10,000 இடங்கள் திறந்தன. திட்டத்தில் இருந்த ஒரு வங்கியை அழைத்தோம். தொலைபேசியில் பேசிய கடன் அதிகாரி மிகவும் நல்ல மாதிரி. வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு கேட்டார், குடியுரிமைச் சான்றிதழ் கேட்டார், சேமிப்புக் கணக்கின் விவரம் கேட்டார். "இப்போ ஜாப்கீப்பர்ல இருக்கேன்" என்று நானே சொன்னேன். "பரவாயில்லை, இப்போது நிறையப் பேர் அப்படித்தான்" என்றார். ஜூலை 27 அன்று ப்ரீ-அப்ரூவல், அதாவது வங்கியின் முன் ஒப்புதல், வந்துவிட்டது. திட்டத்தில் 90 நாளுக்கு எங்கள் பெயரில் ஒரு இடமும் ஒதுக்கியாயிற்று. அன்று இரவு மனைவி பாயசம் வைத்தாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், நான் தவறாகப் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். நடந்தது இரண்டு தனித்தனிச் சோதனைகள். முதலாவது, திட்டத்தில் சேர நமக்குத் தகுதி உண்டா என்பது. அது போன நிதியாண்டின் வரி அறிவிப்பைப் பார்க்கிறது. வருமானம் அதிகமாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் கவலை. இரண்டாவது, கடனைத் திருப்பிக் கட்ட முடியுமா என்பது. அது இன்றைய சம்பளத்தைப் பார்க்கிறது; வருமானம் குறைவாக இருக்கக் கூடாது என்பது அதன் கவலை. முதல் சோதனையை நடத்துவதும் வங்கிதான், இரண்டாவதை நடத்துவதும் வங்கிதான். அதனால் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது, அரசே உத்தரவாதம் தருகிறது, இனி வங்கி எதற்கு மறுக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ப்ரீ-அப்ரூவல் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் "வருமானம் சரிபார்க்கப்படுவதற்கு உட்பட்டது" என்று ஒரு வாக்கியம் இருந்தது. படித்தேன். எல்லாக் கடிதத்திலும் இருக்கும் வாக்கியம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வாக்கியம் உங்கள் கடிதத்திலும் இருக்கும். அதைப் பார்த்ததும் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் தற்போதைய பேஸ்லிப்பை இணைத்திருக்கிறேன். இதில் மானியமாக வரும் தொகையை வருமானமாக எடுத்துக்கொள்வீர்களா? எவ்வளவு சதவீதம்? இதை வைத்து எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" பதில் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் பேசுபவர் "பரவாயில்லை" என்று சொன்னால் அவரளவில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடைசி முடிவை எடுப்பவர் அவர் இல்லை; நம்மிடம் ஒருபோதும் பேசாத ஒரு மதிப்பீட்டாளர். அந்தக் காலத்தில் ஜாப்கீப்பரை ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு விதமாகப் பார்த்தது. சில வங்கிகள் அதைத் தொடவே இல்லை. சில, பழைய சம்பளமும் பழைய வேலை நேரமும் மாறாமல் இருந்து, மானியம் நிறுவனத்துக்கு மட்டும் போகிறது என்றால் ஏற்றுக்கொண்டன. முன்கூட்டியே கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதற்கு முன்பே இன்னொரு தவறும் செய்திருந்தேன். கோவிட் கஷ்டத்துக்காக சூப்பர் என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் இருந்து 10,000 டாலர் வரை எடுக்கலாம் என்று ஜூன் 30 வரை அரசு அனுமதித்திருந்தது. என் வேலை நேரம் பாதிக்கு மேல் குறைந்திருந்ததால் எனக்குத் தகுதி இருந்தது. டெபாசிட்டைக் கொஞ்சம் கனமாக்கலாமே என்று எடுத்து சேமிப்புக் கணக்கில் போட்டேன். உண்மையில் எங்களுக்கு அது தேவையே இல்லை, 38,000 போதும். பிறகு வங்கியின் கேள்விப் பட்டியலில் முதல் கேள்வியே அதுதான்: "ஜூனில் 10,000 டாலர் வரவு, காரணம் என்ன?" நான் டெபாசிட்டுக்கு வலு என்று நினைத்ததை அவர்கள் பணக் கஷ்டத்தின் அடையாளமாகப் படித்தார்கள். ஓய்வுக் காலத்துக்கு இருக்க வேண்டிய பணமும் போயிற்று. நிஜமாகவே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டியிருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. டெபாசிட்டைப் பெரிதாகக் காட்ட மட்டும் எடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 2 அன்று நாலாம் கட்ட ஊரடங்கு. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது, ஐந்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மனைவிக்கோ முதியோர் இல்லத்தில் ஓய்வே இல்லை. அந்த மாதங்களில் மெல்போர்ன் முதியோர் இல்லங்களில் நடந்ததைப் பற்றி அவள் இன்றுவரை அதிகம் பேச மாட்டாள். வேலை முடிந்து வந்து கராஜிலேயே துணி மாற்றிக் குளித்துவிட்டுத்தான் பையன் பக்கம் போவாள். அந்த நாட்களில் வீடு என்ற கனவு ஒன்றுதான் எங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொன்னால் மிகையில்லை.

அக்டோபர் முதல் வாரம் எங்கள் தெருவில் இருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு யூனிட் விற்பனைக்கு வந்தது. இரண்டு படுக்கையறை, பின்னால் சின்ன முற்றம், அதில் ஒரு எலுமிச்சை மரம். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஏஜென்ட் வீடியோ அனுப்பினார். உடற்பயிற்சிக்கு அனுமதித்த நேரத்தில் நாங்கள் மூவரும் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பையன் வேலி இடுக்கு வழியாகப் பார்த்து "அப்பா, லெமன் இருக்கு" என்றான். விலை 4,70,000 டாலர். 6 லட்சத்துக்குள் இருப்பதால் எங்கள் விக்டோரியா மாநிலத்தில் முதல் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் கிடையாது. அக்டோபர் 8, வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டு, 5 சதவீதமான 23,500 டாலரை ஏஜென்டின் டிரஸ்ட் கணக்குக்கு அனுப்பினோம்.

ஒரே ஒரு விஷயத்தில் தப்பித்தோம்: கடன் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற கடன் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது. "ப்ரீ-அப்ரூவல்தான் இருக்கே, கடன் நிபந்தனையை எடுத்துடுங்க, விற்பவர் உடனே ஒத்துக்குவார்" என்று ஏஜென்ட் இரண்டு முறை சொன்னார். வீட்டுப் பத்திர வேலைகளைப் பார்த்த எங்கள் கன்வேயன்சர் அம்மா விடவில்லை. "வங்கி முழு ஒப்புதல் கொடுக்கும் வரை அந்த நிபந்தனை இருந்தே ஆக வேண்டும். இல்லை என்றால் நான் இந்தக் கோப்பை எடுக்க மாட்டேன்" என்று கறாராகச் சொன்னார். பதினான்கு நாள் அவகாசம் எழுதினோம். கடைசித் தேதி அக்டோபர் 22. அவர் வாங்கிய 770 டாலருக்கு எங்கள் 23,500-ஐக் காப்பாற்றிக் கொடுத்தார் என்றே சொல்வேன். ஏலத்தில் வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பே இருந்திருக்காது. ஏலத்தில் நிபந்தனையும் இல்லை, மனம் மாறினால் விலகிக்கொள்ளும் மூன்று வேலை நாள் அவகாசமும் இல்லை. வருமானத்தில் எந்த விதமான மானியமோ தற்காலிகத் தொகையோ கலந்திருப்பவர்கள் ஏலத்துக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

அக்டோபர் 14 அன்று வங்கி கடைசி மூன்று பேஸ்லிப் கேட்டது. இதற்குள் ஜாப்கீப்பரும் குறைந்துவிட்டது. செப்டம்பர் 28 முதல் முழுநேரத் தொழிலாளிக்கு இரண்டு வாரத்துக்கு 1,200 டாலர்தான். ஜனவரியில் 1,000 ஆகும், 2021 மார்ச் 28-உடன் நின்றுவிடும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஒரு மதிப்பீட்டாளராக அதைப் பாருங்கள்: இது தேதி குறித்து முடியப்போகிற வருமானம். கடனோ முப்பது வருடத்துக்கு. அவர்கள் அந்த டாப்-அப் வரியை அப்படியே அடித்துவிட்டு, மேலே இருந்த 912 டாலரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 26-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 23,712. ஜூலையில் 60,000-க்கு மேல் சம்பாதிப்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை, அக்டோபரில் 24,000-கூட இல்லாதவனாகப் பார்த்தார்கள். அதற்கு மேல், இன்றைய வட்டியை வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள். இரண்டரை சதவீதம் கூட்டித்தான் "கட்ட முடியுமா" என்று பார்ப்பார்கள். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்தாலும் எங்களுக்குத் தேவையான 4,46,500-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

நிறுவனத்திடம் இருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். சம்பளப் பிரிவில் இருந்த பெண்மணி அன்றைக்கே எழுதிக் கொடுத்தார், பாவம். ஆனால் இரண்டே வரி: "இவர் எங்கள் ஊழியர். தற்போது ஜாப்கீப்பர் பெறுகிறார்." அது எனக்கு எதிராகவே போய்விட்டது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நிரந்தர முழுநேர வேலை என்பது, எந்தத் தேதியில் சேர்ந்தேன், 2020 மார்ச்சுக்கு முன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு, இப்போது எத்தனை மணி, பழைய நேரம் எப்போது திரும்பும் என்று நிறுவனம் நினைக்கிறது, மானியம் நின்றாலும் வேலை இருக்குமா. இவ்வளவும் ஒரே பக்கத்தில், பெயரும் கையெழுத்தும் தொடர்பு எண்ணும் போட்டு இருக்க வேண்டும். பொய் எழுதச் சொல்லவில்லை. உள்ளதை முழுதாக எழுதச் சொல்கிறேன்.

அக்டோபர் 21, புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது. "மன்னிக்கவும், இந்த நேரத்தில் எங்களால் முடியாது." அவ்வளவுதான். உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சூடான விரிப்பு ஒன்று கையில் இருந்தது, அதை மடித்துக்கொண்டே கேட்டேன். மடித்து முடித்துவிட்டு மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று இரவு பயத்தில் செய்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இன்னும் இரண்டு வங்கிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டேன். அதில் ஒன்று அரசின் திட்டத்தில் இல்லவே இல்லை, அதைக்கூடப் பார்க்கவில்லை. திட்டத்தில் நமக்கு ஒதுக்கும் இடம் ஒரு வங்கி வழியாக வருவது. வேறு வங்கிக்குப் போனால் அங்கே மறுபடி முதலில் இருந்து. எங்கள் 90 நாளும் 25-ஆம் தேதியோடு முடிகிறது. ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கிரெடிட் கோப்பில் பதிவாகி ஐந்து வருடம் இருக்கும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். ஒரே இரவில் இரண்டு பதிவு, முதல் வங்கியோடு சேர்த்தால் மூன்று. அடுத்து பார்க்கும் வங்கிக்கு "இவர் எங்கெங்கோ அலைகிறார்" என்றுதான் அது சொல்லும். ஒருவர் மறுத்தால் மறுநாளே இன்னொரு கதவைத் தட்டாதீர்கள். முதலில் எதனால் மறுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

தெரிந்த ஒருவர் "பிப்ரவரி பேஸ்லிப்பைக் குடுத்துடு, யாருக்குத் தெரியப்போகுது" என்று யோசனை சொன்னார். மனம் ஒரு நிமிடம் அதற்குப் போனது உண்மை. மறுநாள் வேலையில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம் சொன்னேன். என்னோடு பத்து வருடம் வேலை செய்தவர், இங்கே இரண்டு முறை வீட்டுக் கடன் எடுத்தவர். "தம்பி, அது மோசடி. கணக்கில விழுந்த காசு தெரியாமல் போகுமே? பேஸ்லிப்பில வருசத் தொகையும் கிடக்கு. விட்டிடுங்கோ. முதல்ல வங்கியிட்ட இருந்து மறுத்த கடிதத்தை எடுங்கோ, அதில்லாமல் உங்கட டெபாசிட் வராது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. கடிதமா?

ஆமாம், கடிதம். விக்டோரியாவில் வழக்கமான ஒப்பந்தப்படி, கடன் கிடைக்கவில்லை என்றால் கடைசித் தேதிக்குப் பின் இரண்டு முழு வேலை நாட்களுக்குள், வங்கி மறுத்ததற்கான எழுத்து ஆதாரத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக விற்பவருக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தம் நிபந்தனையற்றதாகிவிடும். கடன் இல்லாமலே வீட்டை வாங்கியாக வேண்டும், இல்லையேல் டெபாசிட் போகும். வங்கியோ எனக்குத் தொலைபேசியில் சொன்னதோடு சரி. வியாழன் முழுக்கக் கூப்பிட்டேன். "அமைப்பில் இருந்து தானாக வரும்" என்றார்கள். வெள்ளிக்கிழமை 23-ஆம் தேதி ஏஎஃப்எல் கால்பந்து இறுதிப் போட்டிக்கான பொது விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. அந்த நான்கு இரவும் நாங்கள் இருவரும் தூங்கவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கே கன்வேயன்சர் வங்கிக்கு எழுதினார், நானும் எழுதினேன், "இது சட்டப்படியான கெடு, இன்று மாலைக்குள் எழுத்தில் வேண்டும்" என்று. மாலை நாலே முக்காலுக்கு மூன்று வரி மின்னஞ்சல் வந்தது. செவ்வாய் காலை அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்து 23,500-உம் திரும்பி வந்தது. வங்கி "முடியாது" என்று சொன்ன அந்த அழைப்பிலேயே, தொலைபேசியை வைக்கும் முன், "இதை இன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கெடு நெருங்கினால் அவகாசத்தை நீட்டித்துத் தர விற்பவரிடம் எழுத்தில் கேட்கலாம். அதையும் கெடுவுக்கு முன்பே கேட்க வேண்டும்.

அந்த யூனிட் நவம்பரில் வேறு யாருக்கோ விற்றுவிட்டது. பையன் அந்தத் தெரு வழியாக நடக்க மாட்டேன் என்றான். நாங்களும் வேறு வழியாகப் போக ஆரம்பித்தோம்.

அப்புறம் அடுத்த ஜூலை வரை எந்த வங்கிக்கும் விண்ணப்பிக்கவில்லை. தேசியக் கடன் உதவி எண்ணான 1800 007 007-ஐ அழைத்தால் நிதி ஆலோசகரோடு இலவசமாகப் பேசலாம் என்று மனைவியின் தோழி சொன்னார். ஆங்கிலத்தில் இதையெல்லாம் பேசத் தயக்கம் உள்ளவர்கள் 131 450-இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். ஆலோசகர் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அவர் சொல்லித்தான் 8,000 டாலர் வரம்புள்ள கிரெடிட் கார்டை மூடினோம். நாம் தொடாமலே வைத்திருந்தாலும் வங்கி முழு வரம்பையும் கடனாகவே எண்ணும். தவணைக் கணக்கு ஒன்று இருந்தது, அதையும் முடித்தோம். வங்கி நடந்துகொண்ட விதத்தில் குறை இருந்தால், முதலில் வங்கியிடமும் பிறகு ஏஎஃப்சிஏ என்ற நிதிப் புகார் அமைப்பிடமும் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம் என்றும் சொன்னார். கடிதம் தாமதமானதற்கு நான் வங்கியில் புகார் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். கடன் மறுத்ததற்கு நான் புகார் செய்யவில்லை. அன்றைய சம்பளத்தில் அந்தக் கடனைக் கொடுத்திருந்தால் நாங்கள் மூழ்கியிருப்போம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் எல்லாம் அந்த விஷயத்தை ஜூலையிலேயே சொல்லாததற்குத்தான்.

டிசம்பரில் எங்கள் தொழிற்சாலைக்கு மருத்துவமனைத் துணிகளின் ஒப்பந்தம் கிடைத்தது. வேலை பழையபடி ஐந்து நாள். நிறுவனத்தின் வருமானம் ஏறிவிட்டதால் 2021 ஜனவரி முதல் ஜாப்கீப்பரில் இருந்தும் வெளியே வந்தது. டாப்-அப் வரி இல்லாத முதல் பேஸ்லிப்பை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஆறு மாத பேஸ்லிப் சேரும் வரை காத்திருந்தோம். மே மாதம் விண்ணப்பம் எதுவும் போடாமல், திட்டத்தில் இருந்த ஒரு சிறிய வங்கிக்கு எல்லாத் தாள்களையும் அனுப்பி, போன வருடம் நடந்ததையும் மறைக்காமல் எழுதி, "இதை வைத்து எவ்வளவு கணக்கிடுவீர்கள்?" என்று கேட்டோம். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் ஜூலையில், புதிய இடங்கள் திறந்ததும், முறையாக விண்ணப்பித்தோம். அந்த மாதம் மெல்போர்னின் விலை வரம்பும் 7 லட்சமாக ஏறியிருந்தது. இரண்டு ஊரடங்குகளுக்கு நடுவே கிடைத்த ஒரே சனிக்கிழமையில், ஜூலை 31 அன்று, ஒரு யூனிட்டை உள்ளே போய்ப் பார்த்தோம். அதே அளவு, அதே மாதிரி. விலை 5,18,000.

ஆக, அந்த ஒரு வருடத்தில் எங்கள் இழப்பு: விலையில் 48,000, கூடுதலாகக் கட்டிய பத்து மாத வாடகை சுமார் 15,600, முதல் கன்வேயன்சர் கட்டணம் 770, அவசரப்பட்டு எடுத்த 10,000 சூப்பர். தூக்கத்துக்கு யார் கணக்குப் போடுவது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அரசின் உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு இல்லை. நாம் கட்ட முடியாமல் வீடு நஷ்டத்தில் விற்றால் வங்கியின் இழப்பைத் தாங்கத்தான் அது. அரசு நம் தவணையைக் கட்டாது, கையில் பணமும் தராது. 5 சதவீதம் போட்டு எடுத்தால் 95 சதவீதத்துக்கும் வட்டி நம் தலையில்தான். அதனால்தான் நாங்கள் இரண்டாவது முறை 5 சதவீதத்தோடு நிறுத்தாமல் 40,000 போட்டோம்.

இப்போது விதிகள் நிறைய மாறிவிட்டன. 2023 ஜூலை முதல் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களும் சேரலாம். 2025 அக்டோபர் முதல் வருமான வரம்பும் இல்லை, இடங்களுக்கு எண்ணிக்கையும் இல்லை, மெல்போர்னில் விலை வரம்பு 9,50,000. நுழைவாசல் அகலமாகியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் இரண்டாவது சோதனை அப்படியே இருக்கிறது. 2021 கடைசியில் வட்டியில் கூட்டிப் பார்ப்பது மூன்று சதவீதமாகக் கூடியும் விட்டது. ஜாப்கீப்பர் போய்விட்டது, ஆனால் வேலையில் பட்ட காயத்துக்கான வொர்க்கவர் தொகை, பிரசவ விடுப்புத் தொகை, புதிதாகச் சேர்ந்த வேலையின் தகுதிகாண் காலம் என்று வங்கி சந்தேகமாகப் பார்க்கும் வருமானங்கள் இன்றும் இருக்கின்றன.

பிறந்தநாள் வீட்டில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழாவது மாதம். ஜூனில் விடுப்பில் போகிறாள். அதைக் கேட்டதும் அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு மின்னஞ்சல்தான்: விடுப்புக் காலத்தில் அவளுக்கு வரும் தொகையை எப்படிக் கணக்கிடுவீர்கள், வேலைக்குத் திரும்பும் தேதியை நிறுவனம் எழுதிக் கொடுத்தால் பழைய சம்பளத்தை எடுத்துக்கொள்வீர்களா என்று. மூன்று வங்கிகளுக்கு அனுப்பினார்கள். நேற்று வரை இரண்டு பதில் வந்திருக்கிறது. ஒன்று எடுத்துக்கொள்வோம் என்கிறது, இன்னொன்று முடியாது என்கிறது. மூன்றாவதுக்குக் காத்திருக்கிறார்கள். இன்னும் எந்த வீட்டையும் பார்க்கப் போகவில்லை.